வைப்புத்தொகைக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்?

குமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தங்கரையில் மாலை நேரத்தில் நின்றால் இரண்டு வகைப் பேச்சு காதில் விழும். "இந்தப் பக்கமெல்லாம் வயலாகக் கிடந்தது, எல்லாம் போய்விட்டது" என்பது ஒன்று. "சென்ட் இப்போது என்ன விலை?" என்பது இன்னொன்று. இரண்டையும் பேசுகிறவர் பெரும்பாலும் ஒரே ஆள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்தையும் வேம்பனூர் ஈரநிலத்தையும் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது சந்தித்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். அந்த ஆண்டே ஒரு வயல்மனைக்கு முன்பணம் கொடுக்கவும் கிளம்பினேன். கொடுக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாதச் சம்பளம், வளைகுடாவிலிருந்து வரும் பணம், ரப்பர் ஷீட் விற்ற காசு என்று ஏதோ ஒரு வழியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மண்ணையும் நீரையும் கெடுக்காமல் பணத்தை வைத்துக்கொள்ள வேண்டும், நட்டமும் படக்கூடாது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்கிறவர்களுக்கு இது ஒரு வழித்தடம். நான் போன வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாள்

ஒரு முழுத் தாளை எடுத்து, உங்கள் பணம் எங்கெங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். வங்கி வைப்பு, பெட்டியில் இருக்கும் பவுன், சீட்டு, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, மனை, விளை (தோட்டம்). ஒவ்வொன்றுக்கும் எதிரே "இந்தப் பணத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?" என்ற கேள்விக்குத் தெரிந்த பதிலை எழுதுங்கள். பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். பரவாயில்லை, இந்தக் கட்டுரை அந்தக் காலி இடங்களைப் பற்றியதுதான்.

சீட்டு நல்லதா கெட்டதா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பதிவு செய்த சீட்டா என்று மட்டும் பாருங்கள். சீட்டை எடுத்து எதை வாங்கப் போகிறீர்கள் என்பதில்தான் சுற்றுச்சூழல் கேள்வி இருக்கிறது.

மின் கட்டணம் என்னும் முதலீடு

பங்குச் சந்தை, பசுமைப் பத்திரம் என்று பாய்வதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் வைத்த விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் சுற்றினால் ஒரு விசிறிக்கு அரை யூனிட் மிச்சம். இரண்டு மாதக் கணக்கில் 32 யூனிட். மூன்று விசிறிகளை மாற்றினால் 100 யூனிட்டை நெருங்கிவிடும். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே 550 யூனிட் ஓடும் வீட்டுக்கு மூன்று விசிறிகள் தரும் லாபம், 250 யூனிட் ஓடும் வீட்டுக்குக் கிடைக்கும் லாபத்தைவிடப் பெரியது. பழைய பில்களை ஓராண்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

அதன் பிறகு சூரியத் தகடு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட் வரைக்கும் ஈடு கேட்காமல் இரண்டு லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடனும் உண்டு. விற்பனையாளர்கள் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒரு விஷயம், மானியம் பின்னால்தான் வரும் என்பது. திட்டத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவு பெற்ற நிறுவனம் தகட்டை மாட்டி, மின்வாரியம் வீட்டுக்குள் வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் பொருத்திச் சோதித்து முடித்த பிறகே பணம் உங்கள் கணக்குக்கு வரும். அதுவரைக்குமான முழுத் தொகைக்கும் உங்களிடம் வழி இருக்க வேண்டும். மானியம் வாங்கித் தருகிறேன், முதலில் இவ்வளவு கட்டு என்று தொலைபேசியில் யார் சொன்னாலும் இணைப்பைத் துண்டியுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று மூன்று சங்கதிகள் உண்டு. ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பது பொதுக் கணக்கு. நமக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. விளவங்கோட்டுப் பக்கம் பெய்யும் மழை அகஸ்தீசுவரத்தில் பெய்யாது. பங்குனி வெயிலை வைத்துக் கணக்குச் சொல்கிறவரிடம் ஆண்டு முழுவதற்கும் கணக்கு கேளுங்கள்.

இரண்டாவது, உப்புக்காற்று. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் வீடு இருந்தால், தகடு உப்புப் பனிச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். ஐஇசி 61701 என்பது அந்தச் சோதனையின் எண். தகட்டைத் தாங்கும் கம்பிகளும் திருகாணிகளும் துருப்பிடிக்காத உலோகம்தானா என்றும் கேளுங்கள். என் மைத்துனர் வீட்டு மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) தகடுகள் புதிதாகவே இருந்தன, திருகாணிகள் மூன்றே ஆண்டில் பொரிந்து உதிர்ந்தன. மாட்டிக் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டதற்கு, உத்தரவாதம் தகட்டுக்குத்தான், திருகாணிக்கு இல்லை என்று பதில் வந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் ரப்பரையும் வாழையையும் என்ன செய்தது என்று பார்த்தவர்கள், காற்றைத் தாங்கும் சட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைச் செலவென்று நினைக்க மாட்டார்கள்.

மூன்றாவது, தென்னை. ஒரே ஓலையின் நிழல் ஒரு தகட்டின் மீது விழுந்தாலும் அதோடு கோத்திருக்கும் மற்றத் தகடுகளின் உற்பத்தியும் குறையலாம். அதற்காக நான்கு தென்னையை வெட்டிவிட்டுப் பசுமை மின்சாரம் எடுக்கிறோம் என்று சொன்ன ஒரு வீட்டை நான் அறிவேன். நிழல் விழாத மூலையில் சிறியதாக வைக்க முடியாவிட்டால், வைக்காமல் இருப்பதே மேல். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் அடங்கும் சிறு குடும்பத்துக்கும் நான் அதையே சொல்வேன். போட்ட பணம் திரும்ப நெடுங்காலம் ஆகும்.

வங்கியில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

வங்கியில் போட்ட பணம் இரும்புப் பெட்டியில் தூங்குகிறது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கி அதைக் கடனாகக் கொடுக்கிறது. அது காற்றாலைக்கும் போகும், நிலக்கரி ஆலைக்கும் போகும், மலையை உடைக்கும் எந்திரம் வாங்கவும் போகும். "என் பணம் இன்ன வேலைக்குத்தான் போக வேண்டும்" என்று சாதாரண வைப்புதாரர் சொல்ல வழியில்லாமல் இருந்தது.

இப்போது ஒரு வழி உண்டு. பசுமை வைப்புகளுக்கான விதிமுறைகளை ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்டது. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அந்த வைப்பில் திரட்டும் பணத்தைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், மின் சிக்கனம், தூய போக்குவரத்து, நீர் மேலாண்மை, கழிவு மேலாண்மை, பல்லுயிர்ப் பாதுகாப்பு போன்றவற்றுக்கே ஒதுக்க வேண்டும். பணம் எங்கே போனது என்பதை ஆண்டுதோறும் வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

எதற்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்ற பட்டியலை நான் ரசித்துப் படித்தேன். நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருள் கிடையாது. அணுமின்சாரம் கிடையாது, ஆக, மாவட்ட எல்லை தாண்டியிருக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு இந்தப் பணம் போகாது. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையமும் கிடையாது. அந்த அளவுகோலில் நம் கோதையாறு முதல் மின்நிலையமும் தேறாது, அது 60 மெகாவாட். மது, புகையிலை, ஆயுதம், பாமாயில் தொழில்களுக்கும் இடமில்லை.

கிளைக்குப் போனால் முதலில் கிடைப்பது ஒரு புன்னகைதான். நான் போன கிளையில், பச்சை நிறப் பாஸ்புக் வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்றாவது முறை போனபோது கணினியில் தேடிப் பார்த்து, இருக்கிறது என்றார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை இவை. இந்த வைப்பு ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்பு விதிப்படி நடப்பதா, வெறும் பெயரில்தான் பசுமையா? பணம் ஒதுக்கிய விவர அறிக்கை வங்கி இணையதளத்தில் எங்கே இருக்கிறது? சாதாரண வைப்போடு ஒப்பிட்டால் வட்டி எவ்வளவு குறைகிறது? பாதியில் எடுத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்?

வட்டி குறையலாம் என்பதற்கு அஞ்ச வேண்டாம். 0.10 சதவீதம் குறைந்தால் லட்சத்துக்கு ஆண்டில் 100 ரூபாய். காலக்கெடுவைத்தான் கவனிக்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி 2024 ஜனவரியில் கொண்டுவந்த பசுமை வைப்பு 1111, 1777, 2222 நாள்களுக்கானது. அதாவது குறைந்தது மூன்று ஆண்டு. அடுத்த வைகாசியில் மகள் கல்யாணம் என்றால் அந்தப் பணத்தை இதில் பூட்டாதீர்கள். வங்கியில் போடும் பசுமை வைப்புக்கும் மற்ற வைப்பைப் போலவே ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நிதி நிறுவனங்களும் பசுமை வைப்பு வாங்கலாம், ஆனால் அங்கே அந்தக் காப்பீடு இல்லை. எனக்கு இந்த ஒரு காரணமே போதும், வங்கியோடு நிறுத்திக்கொள்வேன்.

பவுன்

தங்கத்தை விடு என்று நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு எழுதும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம்தான் கிடைக்கும். ஒரு பவுனுக்கு எட்டு கிராம். பிரித்தெடுக்கச் சயனைடு, சில நாடுகளில் பாதரசம். அம்மாவின் பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்தால் புதிதாக எந்தப் பாறையும் உடைய வேண்டியதில்லை. கடைக்காரர் கழிவு, சேதாரம் என்று பிடிப்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். அரசின் தங்கப் பத்திரம் நல்ல மாற்றாக இருந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை. பழைய பத்திரங்களைச் சந்தையில் வாங்கலாம், ஆனால் புதியவர்களுக்கு அது முதல் ஆண்டு வேலை இல்லை.

மனை: இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்

மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, ஒரு வயல்மனையை வாங்கினால் எல்லாம் சமனாகிவிடும். குமரி மாவட்டக் குடும்பம் வாழ்நாளில் எடுக்கும் மிகப் பெரிய சுற்றுச்சூழல் முடிவு, வீட்டுக்கடன் வாங்கி எந்த மண்ணில் வீடு வைக்கிறது என்பதுதான். நாஞ்சில் நாட்டு வயல் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த நிலம் மட்டுமா? மழை பெய்தால் தண்ணீர் தங்கும் தொட்டி அது, பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றும் அதுதான். அந்த வயலை மேடாக்க இன்னோர் ஊரில் ஒரு மேட்டைக் குடைந்து லாரியில் மண் கொண்டுவருகிறார்கள். ஒரு மனைக்கு இரண்டு நிலம் போகிறது.

நான் முன்பணம் கொடுக்கக் கிளம்பிய மனை சாலையோரத்தில், சிவப்பு மண் கொட்டி, கல் நட்டு, கொடி கட்டி அழகாக இருந்தது. என் பெரியப்பா வயலறிந்த மனிதர். "ஐப்பசி மழையில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடு மக்களே" என்றார். போனேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர். கல் நட்ட இடம் தெரியவில்லை, கொடி மட்டும் தெரிந்தது. தரகர் அப்போதும் தொலைபேசியில், "இன்னும் இரண்டு லாரி மண் அடித்தால் சரியாகிவிடும்" என்றார். தண்ணீர் என் மனையிலிருந்து போகும், சரி. போய் யார் வீட்டில் நிற்கும்?

ஆகவே மழையில் பார்ப்பது முதல் வேலை. 2021 நவம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மழையிலும் தண்ணீர் எதுவரைக்கும் ஏறியது என்று பக்கத்து வீட்டாரிடமும் தேநீர்க் கடையிலும் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

அடுத்து ஆவணம். தமிழக அரசின் இணையச் சேவையில் பட்டாவையும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ–பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். நஞ்சை என்று இருக்கிறதா, புஞ்சை என்று இருக்கிறதா? புல வரைபடத்தில் ஓடையோ, வாய்க்காலோ, புறம்போக்கோ மனையை ஒட்டி வருகிறதா? பத்திரப் பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20க்கு முந்தைய அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017இல் வந்தன. அதைக் காட்டிப் பிற்காலத்து மனையையும் விற்கப் பார்ப்பார்கள், ஏமாற வேண்டாம். கடலோரம் என்றால் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மலையடிவாரக் கிராமங்கள் சிலவற்றில் மலைப்பகுதிப் பாதுகாப்பு அனுமதியும் தேவைப்படும்.

வங்கி கடன் கொடுத்தால் நிலம் நல்லது என்று நினைப்பது பெரிய தப்பு. வங்கி பார்ப்பது பத்திரத்தையும் உங்கள் சம்பளத்தையும். தண்ணீர் நிற்கும் வீட்டுக்கு 240 மாதம் தவணை கட்டப்போவது நீங்கள்.

நான் கடைசியில் ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிப் பழுது பார்த்தேன். சென்ட் விலை கூடுதல்தான். ஆனால் கிணறும், இரண்டு பலாவும், கூரையில் பழைய தேக்கும் கூடவே வந்தன. பழுது பார்க்கவும் வங்கிகள் கடன் தருகின்றன. அதைப் பற்றி விளம்பரப் பலகை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

பசுமைப் பெயரில் வரும் நிதிகள்

பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் பரஸ்பர நிதியில் மாதம் 1,000 ரூபாய் போட்டு வருகிறவர்களிடம் இப்போது இஎஸ்ஜி நிதி என்று ஒன்றை முகவர்கள் நீட்டுகிறார்கள். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்து நிறுவனங்களைத் தேர்கிற பரஸ்பர நிதி என்பது பொருள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2023 ஜூலையில் இவற்றுக்குத் தனி வகை ஒதுக்கி, ஆறு விதமான அணுகுமுறைகளை வகுத்தது. நிதியின் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் தான் சொன்ன அணுகுமுறைப்படியே முதலீடாக வேண்டும்.

ஒரு நிதியை எடுத்து, அதன் மாதாந்தரப் பட்டியலில் முதல் பத்து நிறுவனங்களைப் பாருங்கள். காற்றாலையும் சூரியத் தகடும் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் பெரிய வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும்தான் வரும். அவற்றுக்குப் புகைபோக்கி இல்லை, அதனால் மதிப்பெண் கூடுதல். அந்த வங்கி கடன் கொடுத்த ஆலைக்குப் புகைபோக்கி உண்டு என்பது வேறு கதை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஐந்தாறு ஆண்டு தாங்க முடிகிறவர்கள், நிதியை நடத்த ஆண்டுதோறும் பிடிக்கும் செலவு விகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிறு தொகை போடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை இறக்கைகள் சுற்றுவதைப் பார்த்த பரவசத்தில் மட்டும் போடாதீர்கள்.

சந்தை நடுக்கம் வேண்டாம் என்றால் மத்திய அரசின் பசுமைக் கடன்பத்திரம் உண்டு. முதன்முதலாக 2023 ஜனவரி 25 அன்று 8,000 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டார்கள். ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளத்தில் தனிநபர் கணக்குத் தொடங்கி அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்கலாம், கட்டணம் இல்லை. முதிர்வு வரைக்கும் வைத்திருக்க முடிந்தால் மட்டும் இதற்குள் போங்கள். இடையில் விற்கப் போனால் நல்ல விலைக்கு ஆள் கிடைப்பது சிரமம்.

மரம் நட்டால் பணம் என்பவர்

தேக்குக் கன்றுக்கு இவ்வளவு கட்டு, இருபது ஆண்டில் லட்சங்கள் என்று 1990களில் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் ஏமாந்தார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் 1999இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி விதி வகுத்தது. கன்று இப்போது பெயர் மாறி வரும்: சந்தனம், அகர், கார்பன் வரவு, காற்றாலையில் பங்கு. மாதம் நிலையான வருமானம் என்றும் பசுமை என்றும் ஒரே மூச்சில் ஒருவர் சொன்னால், செபி பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நிற்கும். நிற்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் சச்சேத் தளத்தில் புகார் கொடுங்கள். அழைத்து வந்தவர் சொந்தக்காரர் என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் இந்த வலை சொந்தம் வழியாகத்தான் பரவுகிறது.

கடைசியாகக் காப்பீடு

வீட்டுக்கடன் இருந்தால் வங்கி ஏதோ ஒரு காப்பீட்டில் கையெழுத்து வாங்கியிருக்கும். அது உங்கள் உயிருக்கா, வீட்டுக்கா என்று தாளை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு என்றால், 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுத் திட்டத்தைக் கேளுங்கள். புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் காப்புத் தொகையில் 20 சதவீதம் வரை, பத்து லட்சத்துக்கு மிகாமல் தானாகவே சேரும். நகையும் ரொக்கமும் அதில் சேராது. கட்டடத்தை மறுபடி கட்ட ஆகும் செலவுக்குத்தான் தொகை போட வேண்டும். மண்ணின் விலையைச் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டுகிறவர்கள் உண்டு.

புரட்டாசி முடிவதற்குள் கூரை, சுவர், மோட்டார், பிரிட்ஜ், மட்டுப்பாவின் தகடு என்று ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, ரசீதுகளையும் படமாக்கி, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கைப்பேசியும் வெள்ளத்தில் போகக்கூடிய பொருள்தான்.